அந்த வீட்டு மசிக்காக்கள்

காசிங்கா கால்வாய்க் கரையில் மீன் வறுத்து விற்கும் பம்புவுக்குக் கீரிகளைக் கண்டாலே ஆகாது. வீட்டுக்குப் பின்னால் இருந்த கரையான் புற்றில் வரிக்கீரிக் கூட்டம் ஒன்று குடித்தனம் நடத்தியது. வண்டும் மரவட்டையும் கிளறித் தின்பதோடு நிற்காமல், அவள் கோழி முட்டைகளையும் திருடும். சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னங்கால்களுக்கு நடுவே வீசி உடைக்கும். அதுவும் அவள் வீட்டுச் சுவரில்தான்.

சக்களத்தி பீராவையும் அவளுக்கு ஆகாது. கீரியும் பாம்பும் என்று ஊரே சிரித்தது. அந்தப் பீரா பிரசவத்தில் கண்ணை மூடினாள். பிறந்த தலைச்சன் பெண் பிழைத்தது. அவர்களின் கொன்சோ இனத்து வீடுகளில் தாயின் வயிற்று வரிசைப்படிதான் பெயர்; தலைச்சன் பெண் என்றால் மசிக்கா. பம்புவின் மூத்தவளும் மசிக்காதான்.

கைக்குழந்தையோடு இருந்த பம்பு பால் கொடுக்க ஒப்புக்கொண்டாள். ஆனால் பீராவின் அண்ணன் குலேயிடம் கறாராகச் சொன்னாள்: "பால் மறக்கிற வரைக்கும்தான். அப்புறம் உன் தங்கச்சி மக உன் பாடு."

புருஷன் மெதுவாகக் கால்வாய்ப் பக்கம் நழுவினான். இரண்டு பெண்டாட்டிக்காரனுக்கு அது பழகிய வித்தை.

பின்வாசலில் உட்கார்ந்து பால் கொடுக்கும்போதுதான் அவள் கீரிகளைச் சரியாகப் பார்த்தாள். பெட்டைகள் எல்லாம் ஒரே இரவில் குட்டி போட்டிருந்தன. எது யாருடையது என்று அவற்றுக்கே தெரியாது போலும். கூட்டம் இரைக்குப் போனால் ஓரிரண்டு காவலுக்குத் தங்கும். திரும்பி வந்ததும் எந்தக் குட்டியும் எந்த மடியிலும் முட்டும். கழுகு நிழல் விழுந்தால் பக்கத்தில் இருப்பதைக் கவ்விக்கொண்டு புற்றுக்குள் ஓடும். பம்பு கல்லெறிவதை விட்டாள். குழந்தைக்குப் பால் மறக்க வைப்பதையும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

இன்னும் பால் மறக்கவில்லை என்ற சாக்கு எத்தனை நாள் தாங்கும்? ஒருநாள் குலே வந்து நின்றான்.

"பிள்ளை கிழங்குக் களி திங்குதாமே அக்கா?"

"திங்குது."

"அப்ப கூட்டிட்டுப் போறேன். நீ சொன்ன சொல்லுதானே?"

சொன்னது அவள்தான். "மசிக்கா!" என்று கூப்பிட்டாள். மூத்தவள் ஓடிவந்தாள், இடுப்பில் சின்ன மசிக்காவோடு. இரண்டும் ஒன்றாக "ம்?" என்றன.

குலே சிரித்துவிட்டான். "ரெண்டுல உன் மக இல்லாத மசிக்காவை அனுப்பு."

பம்பு இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அப்படி ஒருத்தி இந்த வீட்ல இல்லையே தம்பி," என்றாள்.