பதினான்கு இறாத்தல் கூடுதல்

"மாஸ்டர், புள்ளைக்கு இருபது இறாத்தல் போதும். கூட வேணாம்."

பதுளையில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் முதலாளி இதை இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் காதில் விழுந்தது. மண்டையில்தான் ஏறவில்லை.

மகளுக்கு அப்போது பதினைந்து வயது. தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். அவளும் அங்கேதான் படித்தாள். பாடசாலையிலிருந்த ஒரே வில்லை வைத்துப் பழகி, வலய வில்வித்தைப் போட்டியில் முதலாவதாக வந்தாள். பிறகு அந்த வில் வெடித்துப் பிளந்துவிட்டது. மாகாணத் தெரிவுக்கு இரண்டு மாதமே இருந்தது. அதில் தேறினால் பதுளையில் விடுதியுள்ள பெரிய பாடசாலையில் இடம் உண்டு, விஞ்ஞானம் படிக்கலாம். எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பே கிடையாது.

முதலாளி நல்ல மனிதர். நுனி வெளிப்பக்கம் வளைந்த, கழற்றிப் பூட்டும் வில் ஒன்றை எடுத்து வைத்தார். "பிடியை நல்லதா வாங்குங்க. மேல கீழ பூட்டுற பட்டை லேசா இருக்கட்டும். பெலன் வந்தப்புறம் பட்டைய மட்டும் மாத்திக்கலாம்" என்றார். அவரிடம் இரண்டு சோடிப் பட்டைகள் இருந்தன. ஒன்றை இழுக்க இருபது இறாத்தல் பலம் வேண்டும், மற்றதற்கு முப்பத்துநான்கு. விலை ஒன்றுதான்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அங்கே பிள்ளைகளுக்கு எதையும் அளவாக வாங்கமாட்டோம். சப்பாத்து இரண்டு நம்பர் பெரிதாக இருக்கும், முனையில் பேப்பர் திணிப்போம். பாடசாலைச் சட்டையை மடித்துத் தைத்து, வருடா வருடம் ஒரு மடிப்பைப் பிரிப்போம். கேட்டால், வளர்ற புள்ளை என்போம். ஒரே விலைக்குப் பதினான்கு இறாத்தல் கூடக் கிடைக்கிறது, ஒரு வருடத்தில் அவளும் வளர்ந்துவிடுவாள், எதற்கு இரண்டு முறை செலவு? கணித வாத்தியார் போட்ட கணக்கு அது. முப்பத்துநான்கையே வாங்கினேன்.

"இழுக்க ஏலாதுப்பா" என்றாள் முதல் நாளே. நாடியைத் தொடும் வரை நாணை இழுக்க வேண்டும். பாதி தூரத்துக்கு மேல் அது வரவில்லை.

"பழகுனா சரியாயிரும்" என்றேன்.

வாரம் ஒருமுறை பதுளையிலிருந்து வரும் பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாஸ்டர், பட்டை மாத்துங்க. இல்லாட்டி தோள் போயிரும்" என்றார். அடுத்த பஸ்ஸிலேயே கடைக்கு ஓடினேன். இருபது இறாத்தல் சோடியை யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். அடுத்தது எப்போது வரும் என்று முதலாளிக்கே தெரியவில்லை.

அன்றைக்காவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, தினமும் ஐம்பது தடவை இழுக்கச் சொன்னேன். அவள் இழுத்தாள். அதற்குப் பிறகு ஏலாது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டு அந்த வில்லை வாங்கினேன் என்று அவளுக்குத் தெரியும். வலியை மென்று விழுங்கினாள், நான் அதைத் தேர்ச்சி என்று நினைத்தேன்.

தெரிவு நாளில் மூன்றாவது அம்பை எய்யும்போது வலது கை தொப்பென்று கீழே விழுந்தது. மற்றப் பிள்ளைகள் எய்துகொண்டிருந்தார்கள். அவள் வில்லைப் புல்லில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். என்ன செய்வது என்று என்னைக் கேட்பது போல இருந்தது. தோளில் தசைநார் கிழிந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். ஆறியது, சரியாக ஆறவில்லை. அந்தக் கை இப்போதும் தோளுக்கு மேலே போகாது.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது. பண்டாரவளையில் ஒரு புடவைக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது. போன மாதம் சப்பாத்து வாங்க அவளோடு பதுளைக்குப் போனேன். பழக்க தோஷம், ஒரு நம்பர் பெரிதாக எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கித் திருப்பி வைத்தாள். தன் அளவுப் பெட்டி மேல் தட்டில் இருந்தது. இடது கையால் எட்டி எடுத்தாள்.

"அப்பா, நான் இனி வளர மாட்டேன்" என்றாள்.