அந்தோணி வாங்காத ரீல்

துறைமுகப் பட்டறையில் நான் ஃபிட்டராக இருந்தபோது நடந்தது இது. ராயபுரம் பழைய சாமான் கடைக்குத் தூண்டில் ரீல் ஒன்று மலிவாக வந்திருந்தது. உடன் வேலை பார்த்த அந்தோணி, "வாங்கலாமா, பாத்து சொல்லு மாமு" என்றான்.

கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். பல்சக்கரம் தேயவில்லை, பிரேக் நன்றாகப் பிடித்தது. எனக்கே ஆசை வந்துவிட்டது.

"உள்ள தேஞ்சி கீது, வேணாம்" என்றேன். மறுநாள் நானே போய் வாங்கினேன்.

அந்த ஞாயிறு எண்ணூர் முகத்துவாரத்தில் அந்தோணி வழக்கம்போல நூலைக் கையில் சுற்றிக்கொண்டு மீன்பிடித்தான். பெரிய மீன் இழுத்ததில் நூல் இரண்டு விரல்களை அறுத்துவிட்டது.

உண்மையைச் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "எனுக்கோசரம் லீவு போட்டியா?" என்று கேட்டு, கட்டுப்போட்ட கையை நகர்த்திக் கட்டிலில் எனக்கு இடம் விட்டான். உட்கார்ந்தேன். மீன் எவ்வளவு பெரிசு என்று கேட்டேன்.

இத்தனை வருடம் கழித்து, அவன் இறந்த பிறகுதான் இதை எழுத முடிகிறது.