எழுந்தவரை அடித்தேன்

ரங்கூனில் மூட்டை தூக்கிய நாட்களில் நான் தடியும் தூக்கினேன். நகரசபைத் தேர்தலில் நின்ற ஒரு முதலாளிக்குத் தாமுவே பேட்டையில் கூட்டம் நடந்தது. "கேள்வி கேட்க எவன் எழுந்தாலும் மண்டையிலே போடு" என்றார் எங்கள் மேஸ்திரி. முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பின்னாலிருந்து ஓங்கிப் போட்டேன்.

திரும்பினார். நாங்கள் குடியிருந்த கூலி லைன் வாசலில் சுருட்டு விற்கும் பர்மாக்காரர், கோ தெயின்! முகமெல்லாம் ரத்தம். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மேடையைப் பார்த்துப் பர்மா பாஷையில் கேட்டார்:

"இந்தத் தமிழாளுங்க லைனுக்கு ஒரே குழாய். அதிலும் சாக்கடை கலக்குது. என்ன செய்யப் போறீங்க?"

அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் என் மகள் பேதியில் கிடந்தாள். ஆனாலும் மேஸ்திரி பார்க்கிறாரே என்று இன்னொரு அடி போட்டேன். கோ தெயினின் பல் தெறித்து விழுந்தது. முதல் அடி ஆள் தெரியாமல் போட்டது. இரண்டாவதற்கு என்ன சாக்குச் சொல்வேன்?

அடுத்த வாரம் லத்தா பேட்டையில் அதே முதலாளியின் கூட்டம். வெறுங்கையோடு போனேன். முதல் ஆளாக எழுந்து அதே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தேன். பிடரியில் அடி விழுந்தது. கேட்டு முடித்த பிறகுதான் சாய்ந்தேன்.

அடித்தவனை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் வீட்டிலும் யாராவது பேதியில் கிடந்திருப்பார்கள்.