இளவரசியிடம் தோற்றவள்

அந்த அரண்மனையின் சரித்திரத்தை நான் எழுத வேண்டும் என்று தோன்றியதே, வேறொருவர் அதை எழுதிவிட்டார் என்று தெரிந்த நிமிஷத்தில்தான். கல்லூரி விடுமுறைக்குச் சொந்த ஊரான ஊட்டிக்கு வந்தவள், நூல்நிலையத்தில் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். எந்த மகாராஜா கட்டினார், எந்தக் கவர்னர் விருந்துண்டார், யார் யார் புலி சுட்டார்கள், எல்லாம் இருந்தது. கோடைதோறும் அங்கே வந்து தங்கிய சின்ன இளவரசியைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. வயிறு எரிந்தது, கூடவே, அப்பாடா என்றும் இருந்தது.

வயிற்றெரிச்சல் எனக்குப் புதிதல்ல. என் ஒன்பதாம் வயதில், தையற்காரரான மாமா அரண்மனைக்குத் திரைச்சீலை தைக்கப் போனார். கூடப் போன அவர் மகளை இளவரசிக்குப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ஓர் ஆயா ரிக்‌ஷாவில் வந்து, அஞ்சாங்கல் ஆட அவளை அழைத்துப் போவாள். எங்கள் காந்தல் தெருவில் அவள் கையிலிருந்து கல் நழுவி யாரும் பார்த்ததில்லை. அரண்மனையிலிருந்து திரும்பும்போது மட்டும், "இன்னைக்கும் நாந்தான் தோத்தேன்" என்று சிரிப்பாள். சடையில் புது ரிப்பன் இருக்கும்.

"தோத்ததுக்கா ரிப்பன்?"

"உனக்கென்ன புள்ளே தெரியும்? போய் வாய்ப்பாடு படி."

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் ஆயாவைத் தெருமுனையிலேயே மறித்தேன்.

"ஏனுங்க ஆயா, அவளுக்குக் கக்குவான் இருமலுங்க. ஊட்டுல படுத்திருக்கா."

ஆயா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, எங்க பாப்பாவுக்கு ஒட்டிக்கிச்சுன்னா என் தலை போயிரும்! உனக்கு அஞ்சாங்கல் வருமா?"

"அவளாட்டம் தோக்க மாட்டேனுங்க."

இளவரசிக்கும் என் வயதுதான். கம்பளத்தில் உட்கார்ந்து பளிங்குக் கற்களால் ஆடினோம். முதல் ஆட்டம் ஜெயித்தேன். இரண்டாவதும். மூன்றாவதில் ஆயா என் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். இவளுக்கும் பொறாமை என்று நினைத்து, அதையும் ஜெயித்தேன். இளவரசி அழவில்லை. முகம் சிவக்க, கண் மின்ன, "இன்னொரு ஆட்டம்" என்றாள். "போதும் பாப்பா" என்று ஆயா கற்களை அள்ளினாள். என்னை வெளியே இழுத்து வந்து கதவைச் சாத்திய பிறகும் உள்ளிருந்து, "இன்னொரு ஆட்டம்!" என்ற குரல் கேட்டது.

அதன்பின் எங்கள் இருவரில் யாரையும் அழைக்க ரிக்‌ஷா வரவில்லை. பொய் வெளிப்பட்டு அம்மாவிடம் அடி வாங்கினேன். மாமா மகள் திட்டவில்லை. என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். ரிப்பன் போன கோபம் என்று நினைத்தேன். தோற்பதுதான் அங்கே அவளுக்கு வேலை, அதை அவள் அத்தனை நேர்த்தியாகச் செய்தாள் என்பது எனக்கு அப்போது எட்டவில்லை. இளவரசியின் குரலையும், நிஜமாக ஆட ஒருத்தி கிடைத்த ஆசை என்று தெரியாமல், ஆத்திரம் என்றே எடுத்துக்கொண்டேன்.

மாமா மகள் இப்போது குன்னூரில் இருக்கிறாள். ஒரு கோடையில் தினந்தோறும் அரண்மனைக்குள் போய்வந்தவள் அவள்; நான் ஒரே ஒரு மத்தியானம். அந்தக் கணக்கில் இன்னமும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இளவரசியைப் பற்றி எழுத அவளைத்தான் கேட்டாக வேண்டும்; நாளைக் காலை ரயிலில் போகிறேன். முதலில் அந்தக் கக்குவானுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்புறம், இளவரசிக்குச் சந்தேகம் வராமல் எப்படித் தோற்றாய் என்று கேட்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சாயங்கால ரயில் வரை அவள் வாசலிலேயே நிற்பேன்.