சொல்லிக்கொள்ளாமல் வந்த வீடு

பாஞ்சாலி தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் அவள் புருஷன் கோதண்டம் கையிலிருக்கும் சைக்கிள் டியூபை அப்படியே போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவான். இரண்டு வாளி தண்ணீர் இழுத்து வைப்பான். அவள் வாசற்படி ஏறாமல் சந்து வழியாகப் பின்பக்கம் போய், கட்டின புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் வருவாள். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் செய்வதுதான். எப்போதோ ஒரு நாள் போகிறவர்களுக்கு அது சரி. பாஞ்சாலிக்கு அதுவே உத்தியோகமாகிவிட்டது.

"ஊர்ல மழை இல்லன்றானுங்க. உன் தலையில மட்டும் தெனம் பேயுது," என்பான் கோதண்டம்.

அவள் சிரிப்பாள். ஜூன் மாதம் முடியும்வரை சிரித்தாள்.

வல்லத்தில் பிறந்து, எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஒன்பது வருஷம் பால்வாடியில் பிள்ளைகளை மேய்த்தவள். அதனால் சுற்றுவட்டாரத்தில் இன்னும் அவள் டீச்சரம்மாதான். பிறகு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சேவை மன்றத்தில் களப்பணிக்குச் சேர்ந்தாள். பென்ஷன் மனு, குடித்துவிட்டு அடிக்கிற புருஷன், பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோன பெண் என்று ஓடிக்கொண்டிருந்த வேலை, மே மாதம் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த ராத்திரியோடு மாறிப்போனது. பேப்பர்கள் எழுதவேண்டியதை எழுதின. வேடிக்கை பார்க்கப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளுக்கும், காயக்கட்டோடு திரும்பியவர்களின் வீடுகளுக்கும் யாராவது போய் உட்கார வேண்டியிருந்தது. மன்றம் பாஞ்சாலியையும் கூட வேலை பார்த்த சுப்பராயனையும் அனுப்பியது.

நோட்டை வெளியே எடுக்கக் கூடாது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டாள். நோட்டைக் கண்டால் ஜனங்கள் போலீஸ் என்று வாயை மூடிக்கொண்டார்கள். ஆகவே கேட்டதையெல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் பிடித்து, மன்றத்துக்கு வந்து இறக்கி எழுத வேண்டும். எழுதினாள். எழுதிய பிறகும் அவை இறங்கவில்லை. சோறு பிசையும்போது, சட்டைத் துணியை வைத்து மகனை அடையாளம் சொன்ன ஒருவரின் விரல்கள் நினைவுக்கு வரும். கை அப்படியே நின்றுவிடும்.

இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. சாவு வீட்டில் யாரும் "போய்ட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. பேச்சு ஓய்ந்ததும் எழுந்து, செருப்பை மாட்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். இரண்டு மாதத்தில் எத்தனை வீட்டிலிருந்து அப்படி எழுந்து வந்தாளோ, அவளுக்கே கணக்கில்லை.

ஜூலை இரண்டாவது வாரம் பிள்ளைப்பாக்கம் போனாள். அந்த ஊரில் முதலில் ரத்னாவின் வீடு. ரத்னா திரும்பாதவள். அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி கங்காவின் வீடு. ரத்னாவோடு கைகோத்துக்கொண்டு போனவள் கங்கா. தொடையில் ஏறிய இரும்புத் துணுக்குகளோடு பிழைத்தவள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. அன்றைக்கும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேட்டதற்கெல்லாம் "ம்" மட்டும் சொன்னாள். அரை மணி நேரம் கழித்து பாஞ்சாலி எழுந்தாள், செருப்பை மாட்டினாள், நடந்தாள்.

சொல்லிக்கொள்ளவில்லை.

பஸ் ஏறிய பிறகும் அது உறைக்கவில்லை. பத்து நாள் கழித்து சுப்பராயன் சொல்லித்தான் தெரிந்தது. அன்று ஒரு மிஷன் பள்ளிக்கூட ஹாலில், களப்பணியாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. வாசலிலேயே அவர் அவளை ஓரமாக அழைத்தார்.

"இன்னாம்மா பண்ணிட்டு வந்த பிள்ளப்பாக்கத்துல?"

"இன்னா அண்ணே?"

"அந்தப் பொண்ணு சோத்தத் தொட மாட்டேங்குதாம். கஞ்சித் தண்ணிதான் உள்ள போவுதாம். 'டீச்சரம்மாவே சொல்லாம கொள்ளாம போய்ட்டாங்க, அவங்க கணக்குல நானும் போய்ச் சேந்தவதான்'னு சொல்லிச்சாம். அது மாமியாரு செல்லம்மா நேத்து என்னப் புடிச்சிகினு அழுவுது."

பாஞ்சாலி சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் பையில் ஒரு கடிதம் இருந்தது. 'உடல்நிலை காரணமாக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று மூன்று நாள் முன்பு எழுதியது. பயிற்சி முடிந்ததும் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றிருந்தாள். இப்போது கொடுத்தால், அதற்கும் கங்கா ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வாள்.

பயிற்சி கொடுக்க மெட்ராஸிலிருந்து ஷாரோன் என்ற பெண் வந்திருந்தாள். மனநலம் படித்தவள். முப்பதுகூட இருக்காது. பதினான்கு பேரையும் வட்டமாக உட்கார வைத்தாள்.

"சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன செய்வீங்க?"

"வூட்டுக்குப் போவ பஸ்ஸு வரணும் மேடம்," என்றார் சுப்பராயன். எல்லோரும் சிரித்தார்கள்.

"நாங்க பேச வைக்கிற ஆளுங்க. எங்களையே பேசச் சொன்னா எப்படி?" என்றது இன்னொரு குரல்.

சரி, கொஞ்ச நேரம் கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனியுங்கள் என்றாள் ஷாரோன். மூடினார்கள். மூன்றாவது நிமிஷம் சுப்பராயன் குறட்டை விட்டார். அப்புறம் இன்னொருவர். பாஞ்சாலிக்கு ஷாரோனின் குரல் தூரத்து லாரிச் சத்தம்போல ஆனது நினைவிருக்கிறது. விழித்தபோது வெயில் ஜன்னலை விட்டு இறங்கித் தரையில் கிடந்தது. ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. ஷாரோன் யாரையும் எழுப்பவில்லை. மின்விசிறியை மட்டும் கூட்டி வைத்துவிட்டு, மேசைமேல் தாள்களை மூடிவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சிடுங்க மேடம்," என்றாள் பாஞ்சாலி.

"எதுக்குக்கா? நான் கொண்டுவந்த பாடத்துல இதைவிட நல்லது எதுவும் இல்ல."

மற்றவர்கள் டீக்குப் போனார்கள். பாஞ்சாலி போகவில்லை. கங்காவைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல, தான் எதற்காக அழுகிறோம் என்பதே பிடிபடவில்லை. கங்காவுக்காகவா, அந்தச் சட்டைத் துணி விரல்களுக்காகவா. ஷாரோன் சமாதானம் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு எத்தனை வீடு போனீங்க?"

"நாலு. பஸ்ஸு ஒரே ரூட்டு."

"நாலும் சாவு வீடா?"

"மூணு சாவு வூடு. நாலாவது கங்கா."

ஷாரோன் எழுந்து போய் செயலாளரைக் கூட்டிவந்தாள். இழவு விழுந்த வீடென்றால் ஒரு நாளைக்கு ஒன்றுதான், அதற்குமேல் அனுப்பக் கூடாது, தனியாகவும் அனுப்பக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் இவர்கள் உட்கார்ந்து பேசவே விட வேண்டும் என்றாள். செயலாளர் தலையைச் சொறிந்தார். "ஆள் எங்க இருக்கு?" என்றார். பஸ் ரூட்டைக் காரணம் காட்டினார். கடைசியில் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். பாஞ்சாலிக்குப் பெரிய நம்பிக்கை வரவில்லை. ஆனால் நாலு என்ற எண்ணை இன்னொருவர் காதுகொடுத்துக் கேட்டுவிட்டார், அதுவே தோளிலிருந்து எதையோ கொஞ்சம் நகர்த்தியது.

பயிற்சி முடிந்த மறுநாள், வேறு எந்த வீட்டுக்கும் போகாமல் நேரே பிள்ளைப்பாக்கம் போனாள். சுப்பராயன் கூட வந்து, டீக்கடையிலேயே நின்றுகொண்டார்.

செல்லம்மாள் வாசலில் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இன்னும் இன்னா மிச்சம்னு பாக்க வந்தியா டீச்சரம்மா?"

"திட்டும்மா. திட்டிட்டு உள்ள விடு."

உள்ளே அதே இருட்டு. அதே சுவர். பாஞ்சாலி தரையில் உட்கார்ந்தாள்.

"கங்கா, அன்னிக்கு நான் தப்புப் பண்ணிட்டேன். உன் வூட்டுக்கு முன்னாடி ரத்னா வூட்டுக்குப் போயிருந்தேன். அங்க சொல்லாம எழுந்த காலு, இங்கயும் அப்படியே எழுந்துடுச்சி. வேற ஒண்ணுமில்ல. மூணு வூடு பாத்துட்டு வந்தேன், எனக்கு எது எந்த வூடுன்னே தெரியல."

வெளியே ஆடிக்காற்று கூரை ஓலையை இழுத்துப் பார்த்தது. ரொம்ப நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே கங்கா கேட்டாள்.

"ரத்னா வூட்ல என்னப் பத்தி இன்னா பேசிக்கிறாங்க?"

அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது.

"நீ எப்படிக் கீறன்னு கேட்டாங்க. கால் ஊனி நடக்குதான்னு கேட்டாங்க."

"நான்தான்கா அத இட்டுகினு போனேன். அது வரலன்னுதான் சொல்லிச்சி."

பாஞ்சாலி இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. நோட்டு பையிலேயே கிடந்தது. கங்கா பேசினாள். நடுவில் நிறுத்தினாள். மறுபடி பேசினாள். அந்த இருட்டறைக்குள் செல்லம்மாள் ஒரு கிண்ணத்தில் ரசஞ்சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனாள். கங்கா இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

பாஞ்சாலி எழுந்து, நிலைப்படியில் நின்று திரும்பினாள்.

"போய்ட்டு வரேன் கங்கா."

கங்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. நாலு மணி பஸ் ரோட்டில் ஹாரன் அடித்தது. பாஞ்சாலி நின்ற இடத்திலேயே நின்றாள். பஸ் போயேவிட்டது.

"எப்போ?" என்றாள் கங்கா.

"வியாழக்கெழம."

"வாங்க."

ஆறரைக்கு வீடு திரும்பியபோது கோதண்டம் வழக்கம்போல இரண்டு வாளி இழுத்து வைத்திருந்தான். அவள் சந்துக்குள் நுழையாமல் முன்வாசலுக்கே வந்தாள்.

"இன்னா, உடம்பு சரியில்லயா?"

"இன்னிக்கு சாவு வூடு இல்ல."

ஒரு சொம்பு மொண்டு காலை மட்டும் நனைத்துக்கொண்டு படியேறினாள். பை கனத்தது. கடிதம் இன்னும் அதில்தான் இருந்தது. வியாழக்கிழமை போய்வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, பையை ஆணியில் மாட்டிவிட்டு அப்படியே தரையில் படுத்தாள்.