கால்வாயா, கலையரங்கமா

அப்பா கணக்கு வாத்தியார். ஆனால் கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவுக்கு அவர் நாடகக்காரர்தான். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு லாரியைத் தெருமுனையில் நிறுத்தி, அதன்மேல் நாடகம் போடுவார். ராஜா கொஞ்சம் வேகமாக நடந்தால் லாரி ஆடும், கூடவே அரண்மனையும் ஆடும். அப்பாவுக்கு அது பெரிய அவமானம்.

நான் நான்காவது படித்தபோது கவுன்சிலர் தெருக்கூட்டம் போட்டார். அரசுப் பணம் வந்திருக்கிறது, ஒரு வேலைக்குத்தான் போதும், மழைநீர்க் கால்வாயா கலையரங்கமா என்று நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவின் அண்ணன்தான் முதலில் எழுந்தார். அப்பாவின் தங்கையைக் கட்டியிருந்த மாமாவின் வீடு தெருவின் பள்ளத்துக் கடைசியில் இருந்தது. "மாப்ளே, நாடகம் வருசத்துல ஒரு நாள். எங்க வூட்டுக்குள்ள ஒவ்வொரு மழைக்கும் தண்ணி. உங்க தங்கச்சிக்கு வீசிங் வேற. ஈரத்துல மூச்சே வுட முடியல" என்றார்.

அப்பா விடுவாரா? "கால்வாய் போடறது கவர்மெண்ட்டோட கடமை மச்சான். இந்த வருசம் இல்லன்னா அடுத்த வருசம் போட்டுத்தான் ஆகணும். மேடையை இன்னைக்கு விட்டா நம்ம பசங்களுக்கு யாரு கட்டித் தருவா?"

ஒரே கைதட்டல். மேட்டுப்பக்கத்து வீடுகள்தான் அதிகம், எல்லாக் கைகளும் மேடைக்கே உயர்ந்தன. அப்பா ஜெயித்துவிட்டார் என்று நான் குதித்தேன். மாமா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் இடுப்பு உயரத்துக்கு மேடை எழும்பியது, மேலே சிமெண்ட் கூரை. திறப்பு விழா நாடகத்தில் எனக்கு இளவரசி வேஷம். அதற்குள் மழை வந்துவிட்டது.

ஏரி நிரம்பித் தெருவுக்குள் புகுந்தது. மாமா வீட்டில் கட்டிலே மூழ்கிவிட்டது. அத்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. எந்த ஆட்டோவும் உள்ளே வர முடியவில்லை. அப்பாவும் மாமாவும் அத்தையை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு, இடுப்புத் தண்ணீரில் மெயின் ரோட்டை நோக்கி நடந்தார்கள். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. என்னைத் தூக்கி வளர்த்த அத்தை அவள்.

மேட்டு வீடுகளுக்குள்ளும் கணுக்கால் தண்ணீர். அத்தையைக் கிடத்த ஈரமில்லாத இடம் தெருவிலேயே ஒன்றுதான் இருந்தது. மேடையில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். கீழே தெருவே முழங்கால் தண்ணீரில் குடை பிடித்து நின்றது. அந்த மேடைக்கு வந்த முதல் கூட்டம் அதுதான்.

அப்பா மேலே ஏறவே இல்லை. மாமாதான் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை மாப்ளே, இந்த மேடையாவது இருந்துச்சு" என்றார். அவர் குரலில் குத்தல் துளியும் இல்லை. அப்பா தண்ணீரிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா சொன்னதுதான் சரி என்று மாமாவே ஒப்புக்கொண்டுவிட்டார், அதற்குப் போய் யாராவது அழுவார்களா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.