இறங்காத பயணிகள்

என் தம்பி கணினியில் கட்டிய நகரத்தில் ஒரு லட்சத்துப் பதினான்காயிரம் பேர் குடியிருக்கிறார்கள். அது ஒரு விளையாட்டு. ரோடு போடலாம், வீடு கட்டலாம், பஸ் விடலாம். விளையாட்டோடு வெளியாட்கள் எழுதிச் சேர்க்கும் நிரல்களுக்கு மாட் என்று பெயர். அவன் நகரத்தில் நாற்பத்து மூன்று மாட் ஓடுகின்றன; அவற்றில் ஆறு அவனே எழுதியவை. எட்டாவது வரை படித்துவிட்டுப் பத்தொன்பது வருடமாக பஸ் கண்டக்டராக இருக்கும் எனக்கு இதைச் சொல்லவே பெருமை.

அம்மா ஆஸ்பத்திரியில் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவன் வேலைக்குப் போவதை நிறுத்தினான், வேலை போயிற்று. அழவில்லை. நானும் அழவில்லை, ஷிப்ட் பார்த்தேன். பிறகு போக்குவரத்துத் திட்டம் போடும் ஒரு கம்பெனி அவன் நகரத்தை எங்கோ பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பத்து மணிக்கு ஓட்டிக் காட்டச் சொன்னது. ஒழுங்காக ஓடினால் வேலை.

அந்த வாரம் பார்த்து நகரம் படுத்துவிட்டது. காலையில் ஜனங்கள் பஸ் ஸ்டாப்புக்கு வருகிறார்கள், நிற்கிறார்கள், பஸ் வந்தும் ஏறாமல் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். ஆபீஸெல்லாம் காலி.

சனிக்கிழமை எனக்கு விடுப்பு. அவன் மாட்களைப் பாதிப் பாதியாக அணைத்தான். எதை அணைத்தோம், என்ன ஆயிற்று என்று நான் நோட்டில் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் நகரம் திறக்க ஆறு நிமிடம். பதினொரு தடவை.

"எல்லாத்தையும் தூக்கிட்டேன்க்கா. அப்பவும் ஏற மாட்டேங்கிறாங்க."

"உன் ஊர்க்காரங்க உன்னை மாதிரிதானேடா இருப்பாங்க. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடறாங்க."

சிரிப்பான் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினான்.

ஒரு பஸ்ஸின் பின்னாலேயே போகச் சொன்னேன். ஐம்பது இருக்கை, ஐம்பது பேர். அடுத்த ஸ்டாப்பிலும் ஐம்பது. கடைசி ஸ்டாப்பில் வண்டி திரும்பியது. அப்போதும் ஐம்பது.

"டேய், யாருமே இறங்கலியே. என் வண்டியில இப்படி நடந்தா மெமோதான். எங்கதான் போறாங்க இவங்க?"

அவன் ஒரு பயணியைச் சொடுக்கினான். சேருமிடம் என்ற கட்டத்தில் பெயர் இல்லை, ஓர் எண் மட்டும் இருந்தது. அடுத்தவருக்கும் அதே எண். மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரிக்குக்கா. போன வாரம் நான்தான் இடிச்சேன். ஸ்டாப்பையும் சேர்த்து."

சேருமிடம் வராமல் யாரும் இறங்கக் கூடாது என்பது அவனே எழுதிய விதி. மாட்டை அணைத்தாலும், முன்பே ஏறியவர்கள் அந்த விதியோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் இடித்தாய் என்று நான் கேட்கவில்லை.

"ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா பஸ்ல இருக்கிறவங்க அத்தனை பேரும் அழிஞ்சிடுவாங்க. எண்ணூத்தி அம்பது பேர்."

பட்டன்மேல் அம்புக்குறியை வைத்தான். அப்படியே வைத்திருந்தான்.

"வேற வழி?"

"அதே இடத்துல, அதே நம்பர்ல திரும்பக் கட்டணும்."

"கட்டு."

கட்டினான். ஸ்டாப்பும் வைத்தான். முதல் பஸ் வந்து நின்றது. ஐம்பது பேர் இறங்கி கேட்டுக்குள் போனார்கள். எண்ணூற்று ஐம்பதாவது ஆள் இறங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மற்ற ஸ்டாப்களில் நின்றவர்கள் காலியான பஸ்களில் ஏற ஆரம்பித்தார்கள்.

திங்கட்கிழமை மூன்று பேருக்கு ஓட்டிக் காட்டினான். ஒன்றாம் தேதியிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார்கள். அவன் சொன்னபோது நான் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"நல்லதுடா" என்றேன்.

"ம்" என்றான்.

டிப்போவில் டைம்கீப்பரிடம் மூன்று முறை சொன்னேன்.